கச்சான் எழும்ப முன்னம்: காடோரத்து வீடுகளின் நெருப்புக் கோடும் காப்புறுதிப் பத்திரமும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலாளர்களுக்கும், இரு மாவட்டங்களின் வன அதிகாரிகளுக்கும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றைப் பற்றி இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது அது ஈரமற்றுச் சூடாக வருகிறது. மாரியில் ஆளுயரம் எழும்பிய கினிப்புல்லும் இலுக்கும் மானாவும் ஆனிக்குள் காய்ந்து நிற்கும். மாட்டுப் பட்டிக்குப் புதுப்புல் வேண்டுமென்று ஒருவர், மான் மரை வெளியே வரட்டுமென்று ஒருவர், சேனை துப்புரவாக்க ஒருவர், தேனெடுக்கப் போய்ப் பந்தத்தைப் போட்டுவிட்டு வந்த ஒருவர் என்று நெருப்பு வைக்க ஆட்களுக்குக் குறைவில்லை. எங்கள் காடுகளில் தானாகப் பற்றும் நெருப்பு அநேகமாக இல்லையென்றே சொல்லலாம்.

மட்டக்களப்பில் வாகரை, கிரான் பக்கத்திலும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் மேற்கு விளிம்பிலும், அம்பாறையில் கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம், லகுகலைப் பக்கங்களிலும் வேலிக்கு அப்பால் உடனேயே புல்லும் காடுமாக இருக்கும் வீடுகள் ஏராளம். இந்த வீடுகளின் பொறுப்பை மூன்று இடங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. புல் வன இலாகாவுடையது, வளவு வீட்டுக்காரருடையது, நட்டம் காப்புறுதி நிறுவனத்துடையது. மூன்றையும் ஒரே கடதாசியில் பார்க்கும் அலுவலகம் ஒன்றுகூட இல்லை. எங்கள் கோரிக்கை இதைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு கணக்கு. 40 பேர்ச் வளவு என்பது ஏறத்தாழ 32 மீற்றருக்கு 32 மீற்றர். நடுவில் 8 மீற்றர் அகல வீடு கட்டினால் நாலாபக்கமும் மிஞ்சுவது 12 மீற்றர். காட்டுத் தீயிலிருந்து வீட்டைக் காக்கப் பல இடங்களில் சொல்லப்படும் அளவு 30 மீற்றர். மிச்ச 18 மீற்றரும் வேலிக்கு அப்பால் கிடக்கிறது. அது ஒதுக்குக் காடாக இருந்தால், 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் அங்கே கத்தி வைப்பவர் குற்றவாளி. வெட்டினால் வழக்கு, வெட்டாவிட்டால் நெருப்பு. நெருப்பு வந்த பிறகு, சுற்றுப்புறத்தை ஏன் துப்புரவாக வைத்திருக்கவில்லை என்று நட்ட மதிப்பீட்டாளர் கேட்பார்.

காட்டை வெட்ட எல்லாருக்கும் அனுமதி கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிக் கொடுத்தால் அடுத்த வருடம் அந்த 18 மீற்றரில் மரவள்ளி நிற்கும், அதற்கடுத்த வருடம் வேலி நகர்ந்திருக்கும். உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வேலிக்கு வெளியே நெருப்புக் கோட்டை, அதாவது நெருப்பு தாண்டாதபடி புல் அகற்றிய பட்டியை, வன இலாகா வெட்ட வேண்டும், அல்லது பிரதேச செயலகத்தின் மேற்பார்வையில், எல்லைக்கல் நட்டு, புல்லையும் செத்தையையும் மாத்திரம் அகற்றும் எழுத்து அனுமதியைக் கமக்கார அமைப்புக்கோ கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ வருடாவருடம் வழங்க வேண்டும். தனியாட்களுக்கு வேண்டாம்.

கோடு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான வேலை கெட்டுப்போகிறது. ஆளுயரக் கினிப்புல்லில் காற்றோடு வரும் சுவாலை புல்லைவிட உயரமாக எழுந்து முன்னே சாயும். வண்டிப்பாதை அகலத்தில் வெட்டிய கோட்டை அது நின்று யோசிக்காமல் தாண்டிவிடும். குடியிருப்போரம் 10 மீற்றர் வேண்டும். ஒரு கிலோமீற்றர் நீளத்துக்கு அது ஒரு ஹெக்டயர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஒரு கிராமத்துக்கு அது முடியாத வேலையல்ல. முழு அகலத்தையும் மண் தெரியச் சுரண்ட வேண்டியதுமில்லை. புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி, நடுவில் 2 மீற்றரை மாத்திரம் மண் தெரிய விறாண்டினால் போதும். தட்டையான இடத்தில் உழவு இயந்திரத்தைக் கலப்பையோடு போகவர ஒருமுறை ஓட்டினால் அந்த நடுப்பட்டி கிடைத்துவிடும். மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து மண்ணைக் கிளறிக் குவிப்பது செலவும் கூட, கேடும் கூட: கிளறிய மண்ணில் அடுத்த மாரிக்கு முதலில் முளைப்பது கினிப்புல்தான்.

வெட்டிய புல்லை அங்கேயே பரப்பிவிட்டுப் போவதுதான் நாங்கள் அதிகம் காணும் பிழை. ஒரு கிழமையில் அது காய்ந்துவிடும். பிறகு அந்தக் கோடு நெருப்பை நிறுத்தாது, ஊருக்குள் கூட்டிவரும் திரியாக மாறிவிடும். புல்லை ஊர்ப்பக்கம் இழுத்து மாட்டுக்குப் போடலாம், உக்கவிடலாம். அதை ஆடி மாதத்தில் அந்த இடத்திலேயே கொளுத்தக் கூடாது. குறுக்கே விழுந்து கிடக்கும் மரங்களை அறுத்து விலக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கட்டை போதும் நெருப்பு மறுகரைக்குப் போக. கோட்டிலிருந்து 20, 30 மீற்றருக்குள் நிற்கும் பட்டமரங்களையும் பார்க்க வேண்டும். பொந்துள்ள பட்டமரம் உள்ளே எரிந்து புகைக்கூடு போல மேலே தணலைத் தள்ளும். கோட்டில் கிடக்கும் காய்ந்த சாணியையும் கூட்டித் தள்ளுங்கள். சிறு விடயம் போலத் தெரியும், ஆனால் சாணி புகைந்துகொண்டே கிடந்து, அணைத்துவிட்டோம் என்று எல்லாரும் வீடு போனபின் காற்றில் பற்றும்.

காலம் இன்னொரு தொல்லை. மாசி பங்குனியில் வெட்டினால் சித்திரைத் தூறலுக்குப் புல் திரும்பத் தளைக்கும். ஆடியில் வெட்டினால் கச்சான் ஏற்கெனவே வந்துவிட்டிருக்கும். சித்திரைக் கடைசியில் ஒரு வெட்டு, ஆனி முதல் கிழமையில் நடுப்பட்டியை ஒருமுறை விறாண்டல். இதுதான் சரியான கணக்கு. ஒதுக்கீடு ஆடியில் வந்து, கேள்வி கோரி, ஒப்பந்தம் ஆவணியில் கைச்சாத்தானால் அந்த வேலையைச் செய்யாமல் விடுவதே மேல். கோடு வெட்டும் நிதியைப் பங்குனிக்குள் பிரதேச செயலகத்துக்கு விடுவிக்க மாவட்டச் செயலாளர்கள் ஏற்பாடு செய்தால், இந்த மடலின் பாதி வேலை முடிந்துவிடும்.

யானை வேலி ஏற்கெனவே போட்டிருக்கும் ஊர்களில் ஒரு சுலபமான வழி இருக்கிறது. மின்வேலியின் கம்பியைப் புல் தொட்டால் மின்னோட்டம் நிலத்துக்குக் கசிந்து வேலி செத்துப்போகும். ஆகவே அதன் அடியைத் துப்புரவாக வைத்திருப்பது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அந்தத் துப்புரவை இரு பக்கமும் 5 மீற்றராக அகட்டினால் அதுவே 10 மீற்றர் நெருப்புக் கோடு. மரத்தூண்கள் எரிந்து வேலி விழுவதும் நிற்கும். வேலி வன சீவராசிகள் திணைக்களத்துடையது, காடு வன இலாகாவுடையது என்பதால் இந்த வேலை இரண்டு கோப்புகளாகக் கிடக்கிறது. ஒரு கூட்டு உத்தரவு போதும்.

எரிப்பதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நிற்கும் எங்கள் வரண்ட வலயக் காடு நெருப்புக்குப் பழகியதல்ல. இரண்டு மூன்று தடவை எரிந்தால் கன்றுகள் போய், முட்பற்றையும் இலுக்கும் ஏறிவிடும். பிறகு அது வருடாவருடம் எரியும். அந்தக் காட்டுக்குள் ‘திட்டமிட்ட எரிப்பு’ என்ற பேச்சே வேண்டாம். ஆனால் கல்லோயாப் பக்கத்தில் கடுக்காயும் தான்றியும் நெல்லியும் அங்கங்கே நிற்கும் புல்வெளிகள் வேறு வகை. அங்கேயும், தெருவோரப் புல்லிலும், புல் அரைப் பச்சையாக இருக்கும் காலத்தில், காலை வேளையில், பட்டி பட்டியாக எரித்துவிடலாம். அரைப் பச்சைப் புல் மெதுவாக எரியும், திட்டுத்திட்டாக நிற்கும், மரத்தைச் சுடாது. பண்ணையாளருக்கு இதில் ஒரு பங்கு கொடுங்கள். புதுப்புல் அவர்களுடைய சீவியம். எரிக்காதே என்று பலகை நட்டுவிட்டு வந்தால் இரவில் எரிக்கிறார்கள், அதுவும் கச்சான் உரத்த ஆடியில். எந்தத் துண்டை, எந்தக் கிழமையில், யார் முன்னிலையில் எரிக்கலாம் என்று வைகாசிக்கு முன்னமே அவர்களோடு இருந்து பேசித் தீர்மானித்தால், கள்ளமாக வைக்கும் நெருப்பு குறையும் என்பது எங்கள் கணிப்பு. சிறுபோக அறுவடைக்குப் பின் வயலில் வைக்கோல் கொளுத்துவோருக்கும் இதே ஒழுங்கு வேண்டும்.

இனி வளவுக்குள். வீட்டைப் பெரும்பாலும் எரிப்பது சுவாலையல்ல, காற்றில் வந்து விழும் தணல். அது எங்கே விழுகிறது என்று பார்த்தால் செய்ய வேண்டியது தெரியும்: கூரைப் பீலியில் நிறைந்த வேப்பஞ்சருகு, தாழ்வாரத்தில் அடுக்கிய விறகு, சுவரை ஒட்டிய கிடுகு வேலி, வீட்டோடு சேர்ந்த ஓலைக் குசினி, விலகிய ஓட்டுக்குக் கீழே எலி சேர்த்த குப்பை. வீட்டைச் சுற்றி முதல் ஒன்றரை மீற்றரில் மணலோ கல்லோ சீமெந்தோ தவிர எதுவும் இருக்கக் கூடாது. கிடுகு வேலி வீட்டைத் தொடும் இடத்தில் கடைசி இரண்டு மீற்றரை மாத்திரம் தகரமாகவோ கல்லாகவோ மாற்றினால் போதும். முழு வேலியையும் பிடுங்கத் தேவையில்லை. விறகும் வைக்கோற் போரும் வீட்டிலிருந்து 10 மீற்றருக்கு அப்பால், கச்சான் வரும் மேற்குப் பக்கத்தில் இல்லாமல், கிழக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சுவரின் மேலே காற்றுக்காக விட்ட துவாரங்களுக்கு 3 மில்லிமீற்றர்க் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். பிளாஸ்டிக் நுளம்புவலை தணல் பட்டதும் உருகிவிடும், அதை நம்ப வேண்டாம். அஸ்பெஸ்டஸ் சீற் எரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. எரியாதுதான், ஆனால் சூட்டில் வெடித்துச் சிதறும், கூரை திறந்துவிடும்.

பனையை விட்டுவிட முடியாது. எரிந்தாலும் பனை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அதில் தொங்கும் காவோலை பற்றினால் எரியும் துண்டுகள் காற்றில் வெகுதூரம் போய் விழும். வீட்டுக்கு மேற்கே 30 மீற்றருக்குள் நிற்கும் பனை தென்னைகளின் காய்ந்த ஓலைகளை வைகாசிக்குள் வெட்டி இறக்கச் சொல்லுங்கள். மரத்தை வெட்ட வேண்டாம்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். மாநகர சபையின் தீயணைப்பு வண்டி வலையிறவுப் பாலத்தையோ மண்முனைப் பாலத்தையோ கடந்து, மணல் ரோட்டில் உள்ளே வந்து சேர்வதற்குள் கூரை இறங்கிவிடும். இது யாருடைய குற்றமும் இல்லை, தூரம் அப்படி. ஆகவே முதல் அரை மணித்தியாலம் ஊருடையது. ஒவ்வொரு காடோரக் கிராமத்திலும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றக்கூடிய 1,000 லீற்றர்த் தாங்கி ஒன்றும், சிறிய நீர்ப்பம்பி ஒன்றும், 50 மீற்றர்க் குழாயும் ஆனி முதல் புரட்டாசி வரை நிரப்பித் தயாராக நிற்க வேண்டும். வயலுக்கு மருந்தடிக்கும் 16 லீற்றர் முதுகுத் தாங்கிகள் புல் நெருப்பின் விளிம்பை அடக்க அருமையானவை, நன்றாகக் கழுவியிருந்தால். முகப்பில் போய் நிற்காமல், எரிந்து கறுத்த பக்கத்திலிருந்து இரு விலாவையும் அடக்கிக்கொண்டு முன்னேற வேண்டும். கரையோரத்துக்குக் கிட்டவான ஊர்களில் பிற்பகலில் கடற்காற்று ஏறினால் திசை திரும்பும் என்பதை அணைக்கப் போகும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இப்போது காப்புறுதி. நெற்செய்கைக்குக் காப்புறுதி என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குக் காப்புறுதி என்பது வங்கிக் கடன் எடுக்கும்போது ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பத்திரம் வங்கியில் இருக்கும். வீட்டுக்காரர் அதைப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தால் இரண்டு இடங்களில் திடுக்கிட்டிருப்பார்.

ஒன்று விலக்குப் பகுதி. இலங்கை, இந்தியத் தீக் காப்புறுதியின் பழைய வாசகங்கள், காடும் பற்றையும் எரிவதாலும் நிலத்தைத் துப்புரவாக்க வைத்த நெருப்பாலும் வரும் நட்டத்தை, தற்செயலாக நேர்ந்தாலும் சரி, நேரடியாகவே விலக்கின. இன்றும் ‘பற்றைத் தீ’ பல பத்திரங்களில் அடிப்படைப் பாதுகாப்பில் அடங்காமல், கேட்டுச் சேர்க்க வேண்டிய மேலதிகப் பாதுகாப்பாகவே இருக்கிறது. இந்தியாவில் 2021 வரை வீடுகளுக்கு இருந்த வழமையான பத்திரமோ பற்றைத் தீயை ஏற்றுக்கொண்டு, ‘வனத் தீயைத் தவிர’ என்று உடனேயே கழற்றிவிட்டது. தீக் காப்புறுதி என்று பெயர் போட்ட பத்திரம் காடோரத்து வீட்டுக்கு உள்ள முதன்மையான தீ ஆபத்தை விலக்கலாம் என்பது சாதாரண ஆளுக்கு எப்படித் தெரியும்?

மற்றது சராசரி விதி. உதாரணத்துக்கு, ஒரு வீட்டைத் திரும்பக் கட்ட 60 இலட்சம் ரூபாய் வேண்டும் என்று வைப்போம். வங்கி தன் கடனுக்கு அளவாக 20 இலட்சத்துக்குக் காப்புறுதி போட்டிருக்கிறது. நெருப்பில் குசினியும் கூரையில் ஒரு பகுதியும் போய் 9 இலட்சம் நட்டம். 9 இலட்சம் 20 இலட்சத்துக்குள் அடங்குகிறதே, முழுவதும் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் நினைப்பார். கிடைப்பது 3 இலட்சம், ஏனென்றால் அவர் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறார். அந்த 3 இலட்சத்திலும், வீட்டுக்காரரே ஏற்க வேண்டுமென்று ஒப்பந்தத்தில் உள்ள கழிவுத் தொகை போகும்.

30 நாள் விதியும் இங்கே கடிக்கும். வழமையான தீக் காப்புறுதியில் வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால், முன்கூட்டியே நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் பெற்றிருக்காவிட்டால் பாதுகாப்பு நின்றுவிடும். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகள் எத்தனை என்று எந்தக் கிராம உத்தியோகத்தரிடமும் கேளுங்கள்.

அடுத்தது காணி. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியில் வீடு கட்டியவருக்கு அந்த வீட்டில் காப்புறுதி செய்யத்தக்க உரித்து இருக்கிறது, கட்டியவரே அவர்தானே. ஆனாலும் காணி உறுதி இல்லையென்று விண்ணப்பம் மேசையிலேயே நின்றுவிடுகிறது. அனுமதிப்பத்திரத்தையும் பிரதேச செயலாளரின் குடியிருப்பு உறுதிக் கடிதத்தையும் போதிய ஆவணமாக ஏற்க வேண்டும் என்று ஆணைக்குழு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். நட்டஈடு கேட்கும்போது தீயணைப்புப் பிரிவின் அறிக்கை கேட்பதும் இப்படித்தான். தீயணைப்பு வண்டியே வராத ஊரில் அந்த அறிக்கையை யார் தருவது? பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும் திகதியோடு எடுத்த படங்களும் அதற்கு ஈடாக ஏற்கப்பட வேண்டும்.

அரசாங்கத்தின் திட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக 2016 இல் தொடங்கிய இயற்கை அனர்த்தக் காப்புறுதி, சொத்து நட்டத்துக்கு 25 இலட்சம் ரூபாய் உச்சவரம்போடு, வெள்ளம், சூறாவளி, மண்சரிவு போன்றவற்றை மனதில் வைத்து எழுதப்பட்டது. வரட்சி அதில் சேராது. 1978 சூறாவளியையும் 2004 கடற்கோளையும் கண்ட மாவட்டங்களில் எல்லாரும் தண்ணீரையும் காற்றையுமே நினைப்பது இயல்புதான். ஆனால் ஒரு மனிதர் வைத்த நெருப்பு காட்டைக் கடந்து இன்னொருவர் வீட்டை எரித்தால் அது இயற்கை அனர்த்தமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்தப் பதிலை நெருப்பு வரமுன் தாருங்கள்.

கலிபோர்னியாவைப் பார்க்கச் சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு, அங்கே வீடும் பணமும் வேறு. இருந்தாலும் அவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பது பயன்படும். 2018 நவம்பரில் பரடைஸ் நகரம் எரிந்து 85 பேர் இறந்தார்கள், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. 2023 மே மாதத்தில் அம்மாநிலத்தின் மிகப்பெரிய வீட்டுக் காப்புறுதி நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம் புதிய வீட்டு விண்ணப்பங்களை நிறுத்தியது. இடையில் 2022 இல் அந்த மாநிலம் ஒரு நல்ல விதி கொண்டுவந்தது: வீட்டைச் சுற்றி முதல் 5 அடியை வெறுமையாக வைத்தல், துவாரங்களுக்கு வலை அடித்தல் போன்ற குறித்த வேலைகளைச் செய்தவருக்கு நிறுவனம் கட்டணக் கழிவு கொடுக்கவே வேண்டும். செய்ததை அளக்கலாம், அளந்ததற்குக் காசு குறையும். நிறுவனங்கள் விலகத் தொடங்கிய காலத்தில் வந்ததால் அதன் பலன் மட்டுப்பட்டது. எங்கள் காடோரங்களில் காப்புறுதி இன்னும் தொடங்கவேயில்லை. தொடங்கும்போதே அந்த விதியோடு தொடங்கலாம்.

அதற்குத் தேவையானது ஒரு தாளில் அடங்கும் படிவம். முன்பக்கத்தில் வளவு: ஒன்றரை மீற்றர், பீலி, துவாரம், விறகு, வைக்கோல், காவோலை, கிடுகு வேலி. பின்பக்கத்தில் வேலிக்கு வெளியே உள்ள 10 மீற்றர்க் கோடு, வெட்டிய திகதி, வன இலாகா உத்தியோகத்தரின் கையெழுத்து. கிராம உத்தியோகத்தர் ஆனி இரண்டாம் கிழமைக்குள் வந்து பார்த்து, இரண்டு படம் எடுத்துப் போடட்டும். இந்தப் படிவம் உள்ள வீட்டுக்கு எந்த நிறுவனமும் பற்றைத் தீப் பாதுகாப்பை மறுக்கக் கூடாது, கட்டணத்தில் கழிவும் கொடுக்க வேண்டும். முன்பக்கம் சரியாக இருந்து, வெளிக்கோட்டை அரசாங்கம் வெட்டாமல் விட்டிருந்தால், அந்தக் குறையை வீட்டுக்காரர் தலையில் போடவும் கூடாது. தனி வீடுகளை ஏற்கத் தயங்கும் நிறுவனங்கள் கமக்கார அமைப்பின் பெயரில் ஊர் முழுவதற்குமான கூட்டுப் பத்திரத்தை வழங்கலாம். ஓலைக் கூரை வீடுகளும் இந்த வழியால்தான் உள்ளே வர முடியும்.

ஆணைக்குழுவிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். வீட்டுத் தீக் காப்புறுதிப் பத்திரம் ஒவ்வொன்றின் முதற் பக்கத்திலும், தமிழில், கொட்டை எழுத்தில் நான்கு வரிகள் இருக்கட்டும்: பற்றைத் தீயும் காட்டுத் தீயும் அடங்குமா இல்லையா, வீட்டைத் திரும்பக் கட்டும் மதிப்பு எவ்வளவு, காப்புறுதித் தொகை எவ்வளவு, நட்டத்தை எத்தனை நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வங்கி பத்திரத்தை வைத்திருந்தால் அந்த முதற் பக்கத்தின் பிரதி வீட்டுக்காரர் கைக்குப் போக வேண்டும்.

மாவட்டச் செயலாளர்களிடம் கேட்பது, வரும் தை மாத மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சிநிரலில் சேர்த்து, வன இலாகா, வன சீவராசிகள் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம், பண்ணையாளர் பிரதிநிதிகள், குறைந்தது இரண்டு காப்புறுதி நிறுவனங்கள் ஆகியோரை அழைக்க வேண்டும் என்பதே. காடோரக் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் பட்டியலும், யானை வேலி போகும் பாதையின் வரைபடமும் மேசையில் இருந்தால், எந்தக் கிலோமீற்றரை எந்தத் திணைக்களம் வெட்டுகிறது என்று அன்றைக்கே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
காட்டெல்லை வேலை, வீடு கட்டும் வேலை, நட்ட மதிப்பீட்டு வேலை தெரிந்த சிலர்
மட்டக்களப்பு, அம்பாறை